ஜிம்மி டார்மடியின் மரணம்: ஓர் எபிசோடுக்குக் கிடைத்த இரண்டு தீர்ப்புகள்

2011ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு, அமெரிக்காவின் எச்பிஓ அலைவரிசையில், மதுவிலக்குக் காலத்து அட்லாண்டிக் சிட்டியின் குற்ற உலகைச் சொல்லும் ‘போர்ட்வாக் எம்பயர்’ தொடரின் இரண்டாவது சீசன் நிறைவடைந்தது. ‘டு தி லாஸ்ட்’ என்று பெயரிடப்பட்ட அந்த இறுதி எபிசோடின் முடிவில், கொட்டும் மழையில், முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்கான நினைவுச் சின்னத்தின் அருகே, தொடரின் நாயகனும் நகரத்தின் அரசியல் தலைவனுமான நக்கி தாம்சன் தன் மகனைப் போல வளர்த்த ஜிம்மி டார்மடியைத் தன் கையாலேயே சுட்டுக் கொன்றான். தொடரைப் பார்க்காதவர்கள் இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திக்கொள்வதே நல்லது. இனி வரப்போவது முழுவதும் அந்த மரணத்தைப் பற்றியும், அதை விமர்சகர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள், எதை ஏற்க மறுத்தார்கள் என்பதைப் பற்றியும்தான்.

அந்த எபிசோடைப் பற்றி அப்போது எழுதப்பட்டவற்றை இன்று திரும்பிப் பார்த்தால் ஒரு விநோதம் தென்படுகிறது. ஒரே விமர்சனத்துக்குள் இரண்டு தீர்ப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு மணி நேர நாடகமாக எடுத்துக்கொண்டால் இந்தத் தொடர் அதுவரை தந்தவற்றில் ஆகச் சிறந்தவற்றுள் இது ஒன்று என்பது முதல் தீர்ப்பு. இப்படி ஒரு முடிவை எடுத்ததன் மூலம் தொடர் தன் உயிர்நாடியையே அறுத்துக்கொண்டதோ என்ற கவலை இரண்டாவது. இவை ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினாலும் முரணானவை அல்ல. முதலாவது எபிசோடைப் பற்றியது. இரண்டாவது, இன்னும் எழுதப்படாத மூன்றாவது சீசனைப் பற்றியது. கண்முன் இருப்பதையும் இனி வரப்போவதையும் ஒரே மூச்சில் எடைபோட நேர்ந்ததால் வந்த குழப்பம்தான் இந்த எபிசோடின் வரவேற்பு வரலாறு என்று சொல்லலாம்.

இந்தக் குழப்பம் ஏன் இவ்வளவு கூர்மையாக இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள, தொடர் எந்த எதிர்பார்ப்புகளின் நடுவே பிறந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2010 செப்டம்பர் 19 அன்று ஒளிபரப்பான அதன் முதல் எபிசோடை இயக்கியவர் மார்ட்டின் ஸ்கோர்செசி. அந்த ஒரு எபிசோடுக்கு ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் டாலர் செலவானதாக அப்போது செய்திகள் வந்தன. 1920ஆம் ஆண்டு அட்லாண்டிக் சிட்டியின் கடலோரப் பலகை நடைபாதையை நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அரங்கமாகவே எழுப்பியிருந்தார்கள். முதல் இரவில் 48 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த வாரமே இரண்டாவது சீசனுக்கு அலைவரிசை ஒப்புதல் அளித்துவிட்டது. அடுத்த ஆண்டு கோல்டன் குளோப்பில் சிறந்த நாடகத் தொடருக்கான விருதும், நக்கியாக நடித்த ஸ்டீவ் புஷெமிக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன. முதல் சீசன், அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மிக்கு 18 பரிந்துரைகளைப் பெற்று 8 விருதுகளை வென்றது. முதல் எபிசோடின் இயக்கத்துக்காக ஸ்கோர்செசி பெற்றதும் அவற்றுள் அடங்கும்.

தொடரை உருவாக்கிய டெரன்ஸ் விண்டர், எச்பிஓவின் முந்தைய மாஃபியா தொடரான ‘தி சொப்ரானோஸ்’ தொடரின் எழுத்தாளர்களுள் ஒருவர்; இயக்குநர்களில் முதன்மையானவரான டிம் வான் பாட்டனும் அங்கிருந்து வந்தவரே. புஷெமி அதே தொடரில் எபிசோடுகளை இயக்கியதோடு, ஒரு சீசனில் டோனி பிளண்டெட்டோ என்ற பாத்திரத்திலும் நடித்திருந்தார். 2004இல் வந்த அந்தச் சீசனின் இறுதியில், தாதாவான டோனி சொப்ரானோ தன் ஒன்றுவிட்ட சகோதரனான பிளண்டெட்டோவைத் தானே சுட்டுக் கொல்வான். சுடப்பட்டவராக அன்று விழுந்த அதே நடிகர், ஏழு ஆண்டுகள் கழித்து அதே அலைவரிசையில் சுடுகிறவராக நின்றார் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பரம்பரையை அறிந்த பார்வையாளருக்கு அந்த மழைக்காட்சியில் ஒரு பழைய காட்சியின் நிழல் விழாமல் இருந்திருக்காது.

இத்தனை சீர்வரிசையோடு வந்த ஒரு தொடரைப் பற்றி விமர்சகர்களிடம் ஒரு மனக்குறை தொடக்கத்திலிருந்தே இருந்தது. அரங்கமும் உடையும் ஒளியும் குறைசொல்ல முடியாதவை. ஆனால் எல்லாம் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டது போல இருக்கிறது, நெஞ்சைத் தொடவில்லை என்பதே அது. அட்லாண்டிக் சிட்டி, நியூயார்க், சிகாகோ, பிலடெல்பியா, வாஷிங்டன் என்று கதை பரந்து கிடந்ததால், எந்தப் பாத்திரத்தோடும் போதிய நேரம் இருக்க முடியவில்லை என்று சொன்னார்கள். நக்கி என்ற பாத்திரம் மாவட்டப் பொருளாளராகவும் பேரம் பேசுகிறவனாகவும் இருந்தானே தவிர, தன் கையால் எதையும் செய்யாத ஒருவனை எப்படி ஒரு குற்றக் கதையின் நடுவில் வைப்பது என்ற கேள்வியும் இருந்தது. புஷெமியின் மெலிந்த உடலும் சோர்ந்த கண்களும் ஒரு சாராய சாம்ராஜ்யத்தின் தலைவனுக்குப் பொருந்துமா என்றுகூடக் கேட்டார்கள். இந்த மனக்குறைகளுக்கெல்லாம் பரிகாரமாக அவர்கள் சுட்டிய பெயர் பெரும்பாலும் ஒன்றே: மைக்கேல் பிட் நடித்த ஜிம்மி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போருக்குப் போய், பதுங்குகுழிகளிலிருந்து திரும்பி வந்தபின் எதிலும் ஒட்ட முடியாத இளைஞன் அவன். நொண்டிய காலும், முகத்தில் பாதியைப் போரில் இழந்து தகர முகமூடி அணிந்த ரிச்சர்ட் ஹாரோ என்ற நண்பனும் அவனுடைய அடையாளங்கள். தொடரின் வெப்பம் அவனிடமிருந்து வந்தது.

இங்கே வரலாற்றுக் குற்றத் தொடர் என்ற வகைக்கே உரிய ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். அன்றைய விமர்சனங்களில் இது போகிற போக்கில் தொடப்பட்டதே ஒழிய, அதற்கு உரிய இடம் தரப்படவில்லை என்பது என் எண்ணம். இந்தத் தொடரில் உண்மையாகவே வாழ்ந்த குற்ற உலகப் புள்ளிகள் பலர் பாத்திரங்களாக வருகிறார்கள்: அல் கபோன் வருகிறான், லக்கி லூசியானோ வருகிறான், மேயர் லான்ஸ்கி வருகிறான், ஆர்னால்ட் ராத்ஸ்டீன் வருகிறான். 1921இல் நடக்கும் ஒரு சீசனில் இவர்களில் எவரும் சாக முடியாது. ராத்ஸ்டீன் 1928இல்தான் சுடப்பட வேண்டும். கபோன் 1931இல்தான் வரி ஏய்ப்பு வழக்கில் சிக்க வேண்டும். லான்ஸ்கி 1983 வரை வாழ்ந்தாக வேண்டும். அவர்கள்மீது துப்பாக்கி நீட்டப்படும் காட்சி எவ்வளவு திறமையாக எடுக்கப்பட்டாலும், பள்ளிப் பாடப்புத்தகம் படித்த அளவுக்கு வரலாறு தெரிந்தவர்கூட நாற்காலியின் நுனிக்கு வரமாட்டார். நாடகத்துக்கு வேண்டிய நிச்சயமின்மை முழுவதும் கற்பனைப் பாத்திரங்களின் தோளில் வந்து விழுகிறது.

நக்கியின் நிலை இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. அவனுக்கு மூலமாக இருந்தவர் ஈனாக் ஜான்சன் என்ற உண்மையான அரசியல் தலைவர். நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியைப் பல்லாண்டுகள் தன் பிடியில் வைத்திருந்த அவர் 1941இல் வரி ஏய்ப்புக்காகத் தண்டிக்கப்பட்டு, நான்கு ஆண்டுகள் சிறையில் கழித்து, 1968இல் முதுமையில் இறந்தார். தொடரை எழுதியவர்கள் ஜான்சன் என்ற பெயரைத் தாம்சன் என்று மாற்றிக்கொண்டது வெறும் சட்டப் பாதுகாப்புக்காக அல்ல. உண்மையான மனிதர் செய்யாததைத் தங்கள் பாத்திரம் செய்வதற்கான சுதந்திரம் அந்தப் பெயர் மாற்றத்தில் இருந்தது. இருந்தாலும் தொடரின் நடுநாயகம் என்ற வகையில் நக்கியும் இரண்டாவது சீசனில் சாக முடியாதவனே. ஆக, சாவு நெருங்கக்கூடிய முக்கியமானவர்களில் முதன்மையானவன் ஜிம்மிதான். அவனைக் கொன்றது, கையிலிருந்த மூலதனத்தை ஒரே இரவில் செலவழித்தது போன்றது. அந்தச் செலவு எவ்வளவு பெரியது என்பதை விமர்சகர்கள் உணர்ந்திருந்தார்கள். அதனால்தான் கைதட்டிக்கொண்டே கணக்கும் கேட்டார்கள்.

இனி எபிசோடுக்கு வருவோம். இரண்டாவது சீசன் தொடங்கும்போது கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பினர் முகமூடி அணிந்து வந்து, கறுப்பினத் தலைவனான சாக்கி ஒயிட்டின் சாராயக் கிடங்கில் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். இறுதி எபிசோடின் தொடக்கத்தில் ஜிம்மியும் ஹாரோவும் அதே வெள்ளை முகமூடிகளோடு கிளான் கூட்டமொன்றுக்குள் நுழைந்து, அந்தக் கொலையாளிகளைப் பிடித்துவந்து சாக்கியிடம் பணத்தோடு ஒப்படைக்கிறார்கள். சீசன் முழுவதும் நக்கிக்கு எதிராகச் சதி செய்த ஜிம்மி, தான் உடைத்த ஒவ்வொன்றையும் ஒட்டவைக்கப் பார்க்கிறான் என்பது இந்தக் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. பார்வையாளருக்கு ஒரு நம்பிக்கை பிறக்கிறது. அந்த நம்பிக்கையை ஏறத்தாழ ஐம்பது நிமிடம் வளரவிட்டுப் பின்பு பறிப்பதுதான் திரைக்கதையின் உத்தி. அந்தக் கட்டுமானத்தின் சீர்மையை விமர்சகர்கள் பரவலாகப் பாராட்டினார்கள்.

நடுவில் வருவது நீதிமன்ற வழக்கு. நக்கிக்கு எதிராக அரசு வழக்கறிஞர் எஸ்தர் ராண்டால்ஃப் கட்டியெழுப்பிய வழக்கு இந்த எபிசோடில் செங்கல் செங்கலாகச் சரிகிறது. ஜிம்மியும் ஹாரோவும் முக்கியச் சாட்சியான நகரமன்ற உறுப்பினர் நியரியைத் துப்பாக்கி முனையில் ஒரு வாக்குமூலம் எழுதவைத்து, தற்கொலை போலத் தோன்றும்படி கொல்கிறார்கள். நக்கி, தன்னோடு வாழும் மார்கரெட்டை மணந்துகொள்கிறான். கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மனைவியைக் கட்டாயப்படுத்த முடியாது. இன்னொரு சாட்சியான கூட்டாட்சி முகவர் வான் ஆல்டன் ஏற்கெனவே தலைமறைவாகி இல்லினாய் மாநிலத்தின் சிசரோ ஊரில் குடியேறுகிறான். எல்லாம் ஒரே மணி நேரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக. சீசன் முழுவதும் பெரும் ஆபத்தாகக் காட்டப்பட்ட ஒன்று இவ்வளவு வசதியாகக் கரைந்துபோனது சிலருக்கு உறுத்தியது. அது நியாயமான உறுத்தல் என்றே நானும் நினைக்கிறேன். எழுதியவர்களுக்கு அந்த வழக்கின்மீது அக்கறை இல்லை. அதை அப்புறப்படுத்திவிட்டு மழைக்குள் போகும் அவசரத்தில் இருந்தார்கள்.

அந்த மழைக்காட்சியின் ஆற்றல் அதன் ஏற்பாட்டில் இருக்கிறது. ஜிம்மியின் மனைவி ஏஞ்சலாவைக் கொன்ற மேனி ஹோர்விட்ஸ் என்ற பிலடெல்பியா கசாப்புக்காரனைப் பிடித்துவைத்திருப்பதாகச் சொல்லி நக்கி ஜிம்மியை வரவழைக்கிறான். ஜிம்மி தனியாக, ஆயுதமில்லாமல் வருகிறான். துணைக்கு வருவதாகச் சொல்லும் ஹாரோவை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறான். அங்கே போய்ச் சேரும்போது ஹோர்விட்ஸ் கைதியாக இல்லை, நக்கியின் ஆளாக நிற்கிறான். ஜிம்மியின் முகத்தில் அதிர்ச்சி இல்லை. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தே வந்திருக்கிறான். தான் பல ஆண்டுகளுக்கு முன்பே பதுங்குகுழியில் இறந்துவிட்டதாகச் சொல்கிறான். அதற்குப் பிறகு நடப்பதுதான் விமர்சகர்கள் திரும்பத் திரும்ப எழுதிய பகுதி: சாகப்போகிறவன் கொல்லப்போகிறவனுக்கு முதல் கொலையின் பின்விளைவுகளைப் பொறுமையாக விளக்குகிறான், மூச்சை ஒழுங்காக விடச் சொல்கிறான். குரல் உயர்வதில்லை, கெஞ்சல் இல்லை. ஒரு பாடத்தைத் தன் தலைமுறைக்கு மேற்பட்டவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சின்னவனின் தொனிதான் அது. நக்கி, தான் மன்னிப்புத் தேடவில்லை என்கிறான். சுடுகிறான், இன்னொரு முறையும் சுடுகிறான்.

மைக்கேல் பிட்டின் நடிப்பு குறித்து ஏறத்தாழ ஒருமித்த கருத்தே இருந்தது. முந்தைய எபிசோடுகளில் அவருடைய அடங்கிய முனகல் பேச்சைச் சலிப்பாகக் கண்டவர்கள்கூட, இந்தக் காட்சியில் அந்த அடக்கம் வேறொன்றாக மாறியதை ஒப்புக்கொண்டார்கள். புஷெமிக்குக் கிடைத்த பாராட்டு இன்னும் முக்கியமானது என்று சொல்வேன். இந்த உடலுக்குள் ஒரு கொலைகாரன் இருக்கிறானா என்று ஓராண்டுக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, அவருடைய முகத்தில் அன்று தெரிந்த வெறுமை பதிலாக இருந்தது. கோபத்தில் சுடும் முகம் அல்ல அது. கணக்கை முடிக்கும் முகம். சுட்டபின் காட்சி உடனே வெட்டப்பட்டுப் போர்க்களத்துக்குப் போகிறது. பதுங்குகுழியிலிருந்து ஏறி எதிரியை நோக்கி ஓடும் இளம் ஜிம்மியைக் காட்டுகிறது. இந்தக் கடைசி அடி சிலருக்குத் தேவையற்ற அழுத்தமாகப் பட்டது. வசனத்தில் சொல்லிவிட்ட ஒன்றைப் படமாகவும் காட்ட வேண்டுமா என்ற அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. ஆனாலும் எபிசோடை இயக்கிய வான் பாட்டன் அந்தக் காட்சியை நீட்டவில்லை. உணர்ச்சியைப் பிழியாமல் கடந்துவிட்டார்.

எபிசோடின் மீது வைக்கப்பட்ட கடுமையான குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் அதற்கு முந்தைய இரண்டு வாரங்களைச் சேர்ந்தவை. பத்தாவது எபிசோடில் ஏஞ்சலா கொல்லப்பட்டாள். பதினொன்றாவது எபிசோடில், ஜிம்மியின் பிரின்ஸ்டன் நாட்கள் பின்னோக்கிக் காட்டப்பட்டு, அவனுக்கும் அவன் தாய் ஜில்லியனுக்கும் இடையே நடந்த முறைகெட்ட உறவு வெளிப்பட்டது. அதே எபிசோடில் அவன் தன் தந்தை கமடோரையும் குத்திக் கொன்றான். தாயோடு உறவு, தந்தையைக் கொல்லுதல் என்ற கிரேக்கத் துன்பியலின் அச்சு அப்படியே பதிந்திருந்ததைப் பார்த்து, இது ஆழமா அல்லது ஆழத்தின் வேடமா என்று விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பாத்திரத்தை விடைகொடுத்து அனுப்பப்போகும் முன் அவனுக்கு வாழ்வதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பறிப்பது, முடிவைத் தவிர்க்க முடியாததாகக் காட்டுவதற்கான எழுத்தாளரின் சூழ்ச்சி என்றும் சொல்லலாம். ஏஞ்சலாவின் சாவு அவளுடைய கதையின் முடிவாக இல்லாமல் அவள் கணவனின் துயரத்துக்கு எரிபொருளாக மட்டும் ஆனது என்ற குறையும் அதனோடு சேர்ந்தது. சாக்கி ஒயிட்டாக நடித்த மைக்கேல் கென்னத் வில்லியம்ஸைப் போன்ற ஒரு கலைஞரைக் கையில் வைத்துக்கொண்டு சீசன் முழுவதும் ஓரமாக நிறுத்தியதைப் பற்றியும் புலம்பல் இருந்தது. கிளான் காட்சியில் அவர் தோன்றியபோது அந்தப் புலம்பல் அடங்கவில்லை, கூடியது.

காலச்சூழலையும் சொல்லியாக வேண்டும். 2011ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் இறுதி எபிசோடுகள் பெரும் வழக்காடலுக்கு உள்ளான ஆண்டு. ஜூன் மாதம் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தன் முதல் சீசனிலேயே நெட் ஸ்டார்க்கின் தலையை வெட்டியது. அதே மாதம் ‘தி கில்லிங்’ கொலையாளி யார் என்பதைச் சொல்லாமலே சீசனை முடித்துப் பார்வையாளரின் கோபத்தை வாங்கிக்கட்டிக்கொண்டது. அக்டோபரில் ‘பிரேக்கிங் பேட்’ நான்காவது சீசனின் இறுதியில் கஸ் ஃபிரிங்கைக் கொன்றது. ஜிம்மி செத்து ஒரு வாரம் கழித்து ‘ஹோம்லேண்ட்’ முதல் சீசன் முடிந்தபோது, சாவான் என்று பலரும் எதிர்பார்த்த பிராடி உயிரோடிருந்தான். ஆக, முக்கியப் பாத்திரத்தைக் கொல்லும் துணிவு ஒரு தொடரின் நேர்மைக்கான அளவுகோலாகவே அந்த ஆண்டில் மாறியிருந்தது. ‘டு தி லாஸ்ட்’ அந்த அளவுகோலில் எளிதாகத் தேறியது. ஆனால் நெட் ஸ்டார்க்கின் சாவுக்குப் பின்னால் ஏற்கெனவே அச்சில் இருந்த நாவல்கள் இருந்தன. கதை எங்கே போகும் என்று வாசகர்களுக்குத் தெரிந்திருந்தது. ஜிம்மியின் சாவுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. நெல்சன் ஜான்சன் எழுதிய அட்லாண்டிக் சிட்டி வரலாற்று நூலைத் தழுவியது இத்தொடர் என்றாலும், ஜிம்மி இல்லாத உலகில் நக்கி என்ன செய்வான் என்பதை அந்த நூல் சொல்லாது.

வாராந்தர விமர்சனம் என்ற வழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. ஒரு நூலை முழுதாகப் படித்துவிட்டு எழுதும் விமர்சகனுக்கு இல்லாத நெருக்கடி, ஒவ்வோர் எபிசோடுக்கும் உடனுக்குடன் தீர்ப்பு எழுதுகிறவனுக்கு உண்டு. அத்தியாயத்தின் தரத்தையும் அது கதைக்குச் செய்யும் நன்மை தீமையையும் அவன் ஒரே இரவில் எடைபோட வேண்டும். ‘தி சொப்ரானோஸ்’ காலத்தில் வேரூன்றிய இந்த வழக்கம் 2011க்குள் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டிருந்தது. அன்றைய விமர்சனங்களில் தெரியும் தடுமாற்றத்தை எழுதியவர்களின் குறையாக நான் பார்க்கவில்லை. சதுரங்கத்தில் ராணியைப் பலிகொடுத்த நகர்வை, அடுத்த நகர்வைப் பார்க்காமல் மதிப்பிடச் சொன்னால் எவரும் தடுமாறத்தான் செய்வார்கள்.

டெரன்ஸ் விண்டர், எபிசோட் ஒளிபரப்பானதும் அளித்த பேட்டிகளில் தன் முடிவைத் தயக்கமின்றி நியாயப்படுத்தினார். அவருடைய வாதத்தின் மையம் முதல் எபிசோடில் ஜிம்மி நக்கியிடம் சொல்லும் ஒரு வாக்கியம்: இனிமேலும் பாதி ரவுடியாக இருக்க முடியாது என்பது அதன் சாரம். மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த 1920 ஜனவரியில், அரசியலில் ஒரு காலும் கள்ளச்சாராயத்தில் ஒரு காலுமாக நின்ற நக்கிக்கு அந்த இளைஞன் விடுத்த எச்சரிக்கை அது. நக்கி முழு ரவுடியாக மாறும் கணம் வந்தாக வேண்டும். அந்த மாற்றத்துக்கு விலை கொடுப்பவன் அந்த வாக்கியத்தைச் சொன்னவனாகவே இருக்க வேண்டும் என்பது விண்டரின் தர்க்கம். காட்டிக்கொடுத்து, கொலை முயற்சிக்கும் ஒப்புதல் தந்த ஒருவனை மன்னித்து ஏற்றுக்கொள்வது அந்த உலகத்தின் இயல்புக்குப் பொய்யாக இருக்கும் என்பதும் அதன் தொடர்ச்சி.

இந்த வாதத்தை நான் பெரும்பகுதி ஏற்கிறேன், ஓர் இடத்தில் தவிர. நக்கியின் மாற்றத்துக்கு ஜிம்மியின் மரணம் தேவை என்பது சரி. ஆனால் அந்த மரணம் நக்கியின் மாற்றமாக அன்று உணரப்படவில்லை. ஜிம்மியின் நிறைவாகத்தான் உணரப்பட்டது. எபிசோட் முழுவதும் நம்மை ஜிம்மியின் பக்கத்தில் நிறுத்திவைத்திருக்கிறது. கிளான் முகமூடிக்குள் அவன் இருக்கிறான், நியரியின் அறையில் அவன் இருக்கிறான், மழைக்குள் வண்டி ஓட்டி வருவதும் அவனே. சுடப்பட்ட பிறகும் காமிரா அவனோடு போர்க்களத்துக்குப் போகிறதே தவிர, சுட்டவனோடு நிற்கவில்லை. நக்கியின் பிறப்பைச் சொல்ல வந்த எபிசோட் ஜிம்மியின் இறப்பைச் சொல்லி முடித்தது. அன்று விமர்சகர்கள் மெச்சியதும் அஞ்சியதும் இந்த ஒரே காரணத்தால்தான்: இருவருள் யார் இல்லாமல் போனால் தொடர் வெறுமையாகும் என்பதை அந்த எபிசோடே, தன்னை அறியாமல், காட்டிக்கொடுத்துவிட்டது.

அது மழைக்காட்சியோடு முடியவும் இல்லை என்பது பலருடைய நினைவிலிருந்து நழுவிவிட்டது. நக்கி, வரப்போகும் நெடுஞ்சாலையால் பெரும் மதிப்புக்கு உயரவிருக்கும் நிலத்தை வழக்குக்குப் பயந்து மார்கரெட்டின் பெயருக்கு மாற்றியிருந்தான். மறுநாள் காலை, ஜிம்மி மறுபடி ராணுவத்தில் சேர்ந்துவிட்டான் என்ற நக்கியின் பொய்யைக் கேட்டு நம்பாத மார்கரெட், அந்த நிலம் முழுவதையும் தேவாலயத்துக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறாள். ஒரு வார்த்தை உரத்துப் பேசாமல், ஒரு கையெழுத்தில். நக்கி முழு ரவுடி ஆன மறுநாளே அவன் வீட்டுக்குள்ளேயே அவனுக்குத் தோல்வி தொடங்கிவிட்டது. விண்டர் சொன்ன மாற்றத்தின் உண்மையான விலை இங்கேதான் வருகிறது. மார்கரெட்டாக நடித்த கெல்லி மெக்டொனால்டின் அந்த அமைதியான நடிப்பு அன்றைய விமர்சனங்களில் பின்வரிசைக்குப் போனது சற்று வருத்தமே.

2012 செப்டம்பர் 23 அன்று நடந்த எம்மி விழாவில், நாடகத் தொடருக்கான சிறந்த இயக்குநர் விருது இந்த எபிசோடுக்காக டிம் வான் பாட்டனுக்குக் கிடைத்தது. ‘பிரேக்கிங் பேட்’ நான்காவது சீசனின் இறுதியை இயக்கிய வின்ஸ் கில்லிகனும் அன்றைய போட்டியில் இருந்தார். சிறந்த தொடர் விருதோ ‘ஹோம்லேண்ட்’ வசம் போனது. எபிசோடுக்கு ஆம், தொடருக்கு இன்னும் இல்லை என்று விமர்சகர்கள் ஒன்பது மாதங்களுக்கு முன் எழுதியதை விருதுக் குழுவும் தன் வழியில் திருப்பிச் சொன்னது போலிருந்தது.

ஜிம்மி இல்லாத இடத்தை நிரப்ப எழுத்தாளர்கள் எடுத்த முயற்சிகளே அந்தப் பழைய கவலைக்குப் பதிலாக வந்தன. மூன்றாவது சீசனின் முதல் எபிசோடிலேயே ஹாரோ, ஹோர்விட்ஸை அவன் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றான். மகன் இறந்ததை ஏற்க மறுத்த ஜில்லியன், அவனைப் போலவே தோற்றமளித்த ஓர் அப்பாவி இளைஞனைக் கொன்று, அந்த உடலை ஜிம்மியின் உடல் என்று அடையாளம் காட்டினாள். கொடூரமான கற்பனைதான், ஆனால் துக்கத்தைப் பற்றி இந்தத் தொடர் சொன்னவற்றில் மறக்க முடியாததும் அதுவே. பாபி கன்னாவாலே நடித்த ஜிப் ரொசெட்டி என்ற வெறிபிடித்த வில்லன் அந்தச் சீசனுக்கு வேண்டிய வெப்பத்தைக் கொண்டுவந்து, அவருக்கு எம்மி விருதும் பெற்றுத் தந்தான். ஜாக் ஹஸ்டனின் ஹாரோ, தன் நண்பனின் மகன் டாமியைக் காப்பதையே வாழ்வாக்கிக்கொண்டு, நான்காவது சீசனின் இறுதியில் கடலோர நடைபாதைக்கு அடியில் இறந்தான். ஜிம்மியைப் போல ஒருவனைக் கொண்டுவந்து அந்த வெற்றிடத்தை மூடாமல், அந்த வெற்றிடத்தையே கதையாக்கினார்கள்.

ஐந்தாவதும் கடைசியுமான சீசன் 8 எபிசோடுகள் மட்டுமே. கதை 1931க்குத் தாவியது; இடையிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கும் போய்வந்தது. சிறுமியாக இருந்த ஜில்லியனைப் பதவிக்காகக் கமடோரிடம் ஒப்படைத்தவன் இளம் நக்கிதான் என்பது, முன்பே கோடிகாட்டப்பட்டிருந்தாலும், அப்போதுதான் கண்முன் காட்சியாக வந்தது. அந்த ஒப்படைப்பின் விளைவாகப் பிறந்தவன் ஜிம்மி. 2014 அக்டோபர் 26 அன்று ஒளிபரப்பான ‘எல்டொராடோ’ என்ற இறுதி எபிசோடில், பொய்ப்பெயரில் நக்கியிடம் வேலைக்குச் சேர்ந்திருந்த இளைஞன் தன் உண்மைப் பெயர் டாமி டார்மடி என்று சொல்லி, அதே நடைபாதையில் நக்கியைச் சுடுகிறான். மழை இல்லை, சுற்றிலும் ஆட்களும் விளக்குகளும். அந்த முடிவை முன்கூட்டியே ஊகித்துவிட்டதாகச் சொன்ன விமர்சகர்கள் சிலர் அதை மிகவும் நேர்த்தியாகக் கட்டப்பட்ட முடிச்சு என்று குறைப்பட்டார்கள். வேறு சிலர் மூன்று ஆண்டுகளுக்கு முன் தாங்கள் எழுதிய விமர்சனங்களை எடுத்துத் திரும்பப் படிக்க வேண்டியதாயிற்று.